அறையும் பலகையும் சேர்த்து வாடகை

கேள்வி: இரண்டு வருடமாக ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதிவருகிறேன். சமீபத்தில் முடித்த ஒரு தொடரில் 'போர்டு' என்ற ஒற்றைச் சொல் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. 'ரூம் அண்ட் போர்டு' என்று வந்த இடத்தில் 'அறையும் பலகையும்' என்று எழுதினேன். 'எவ்ரிதிங் இஸ் அபவ் போர்டு' என்பதற்கு 'எல்லாம் வாரியத்துக்கு மேலே இருக்கிறது' என்று போட்டேன். 'ஹிஸ் ப்ளான்ஸ் வென்ட் பை த போர்டு' என்பதை 'அவன் திட்டங்கள் குழுவின் வழியாகப் போயின' என்றேன். சரிபார்ப்பவர் பதினான்கு இடத்தில் சிவப்புக் கோடு போட்டு அனுப்பியிருக்கிறார். அகராதியைத் திறந்தால் பலகை, அட்டை, மேசை, சாப்பாடு, வாரியம், கப்பலின் பக்கம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. மனப்பாடம் செய்ய ஏதாவது பட்டியல் உண்டா? இல்லை, பேசாமல் எல்லா இடத்திலும் 'போர்டு' என்றே எழுதிவிடலாமா? ஒரு வசனம் மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது: 'ஷி ட்ராட் த போர்ட்ஸ் பிஃபோர் ஷி சாட் ஆன் ஒன்.' இதை என்ன செய்வது?

பதில்: உங்கள் 'அறையும் பலகையும்' படித்துச் சிரித்துவிட்டேன். சிரிக்க எனக்கு அருகதை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பழைய நூலகத்தைப் பற்றிய கட்டுரை என்னிடம் வந்தது. அங்கிருந்த புத்தகங்கள் 'பவுண்ட் இன் போர்ட்ஸ்' என்று அதில் ஒரு வரி. 'புத்தகங்கள் பலகைகளில் கட்டிவைக்கப்பட்டிருந்தன' என்று எழுதிக் கொடுத்தேன். மெய்ப்புப் பார்த்த பெரியவர் ஓரத்தில் பென்சிலால் இரண்டே சொல் எழுதியிருந்தார்: 'ஏன், ஓடிவிடுமா?'

கெட்டி அட்டை போட்டுக் கட்டிய புத்தகங்கள் என்பதுதான் அங்கே பொருள். ஆனால் பாருங்கள், ஐந்நூறு அறுநூறு வருடங்களுக்கு முன்பு என்றால் என் மொழிபெயர்ப்பு பாதி சரியாக இருந்திருக்கும். அப்போது ஐரோப்பாவில் பெரிய புத்தகங்களைத் தோலில் எழுதினார்கள். தோல் ஏடு ஈரக்காற்றுப் பட்டால் உப்பும், நெளியும். அதை அழுத்திப் பிடிக்க மேலும் கீழும் ஓக் மரப் பலகையோ பீச் மரப் பலகையோ வைத்து, அதன்மேல் தோல் போர்த்தி, ஓரத்தில் உலோகக் கொக்கி மாட்டி மூடுவார்கள். அப்புறம் காகிதம் பரவியது, அச்சு வந்தது, புத்தகம் சிறுத்தது. பலகை போய் அட்டை வந்தது. பெயர் மட்டும் 'போர்டு' என்றே தங்கிவிட்டது. குழந்தைகள் கடித்தாலும் கிழியாத கெட்டிப் பக்கப் புத்தகத்துக்கு இன்றைக்கும் 'போர்டு புக்' என்றுதான் பெயர். அதில் மருந்துக்குக்கூடப் பலகை கிடையாது. நம் 'ஏடு' பனையோலையில் தொடங்கி நாளேடு வரைக்கும் வந்து நிற்கவில்லையா, அந்த மாதிரி.

பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். தர மாட்டேன். தமிழ் கற்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் உங்களிடம் 'படி' என்ற சொல்லுக்குப் பட்டியல் கேட்டால் என்ன சொல்வீர்கள்? மாடிப்படி, அரிசி அளக்கும் படி, பயணப்படி, கையெழுத்துப் படி, 'சொன்னபடி செய்', 'ஒழுங்காகப் படி'. நமக்கு இதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. எந்தப் படி என்று பக்கத்தில் நிற்கும் சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'போர்டு' விஷயத்திலும் அந்தப் பக்கத்துச் சொல்லைப் பார்க்கப் பழகிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மீதிக் கால்வாசிக்கு அதன் பூர்வீகம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் ஒரே மாதிரி ஒலித்த இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்றின் பொருள் பலகை. இன்னொன்றின் பொருள் விளிம்பு, முக்கியமாகக் கப்பலின் பக்கம். இரண்டும் மிகச் சீக்கிரமே கலந்துவிட்டன. கப்பலின் பக்கமும் பலகை அடித்துச் செய்ததுதானே, பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றியிருக்காது. மொழிபெயர்க்கிறவர் மட்டும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று வசனங்களில் முதல் இரண்டும் பலகைக் குடும்பம். மூன்றாவது கப்பல் குடும்பம். மூன்றிலும் நீங்கள் சறுக்கிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்: எந்தக் குடும்பம் என்று கேட்காமலே அகராதியின் ஏதோ ஒரு வரியைப் பிடித்துக்கொண்டீர்கள்.

பலகையை முதலில் எடுத்துக்கொள்வோம். மத்தியகால ஐரோப்பாவில் ஒரு பெரிய வீட்டின் கூடம். நிரந்தரமாக ஓரிடத்தில் நிற்கும் சாப்பாட்டு மேசை அங்கே அபூர்வம். சாப்பாட்டு நேரம் வந்தால் மரத் தாங்கிகளை வரிசையாக நிறுத்தி, மேலே நீளப் பலகைகளைப் போட்டு, துணி விரிப்பார்கள். சாப்பிட்டு முடிந்ததும் பலகையை எடுத்துச் சுவரோரம் சாத்திவிடுவார்கள். கூடம் வேறு வேலைக்கு வேண்டும். அந்த வீட்டில் பலகை போட்டாயிற்று என்றால் சாப்பாடு தயார் என்று அர்த்தம். 'இலை போட்டாச்சு' என்று நாம் சொன்னால் யாரும் இலையைப் பார்க்க வருவதில்லை, சாப்பிடத்தான் வருகிறார்கள். அங்கே பலகை, இங்கே இலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு பிரெஞ்சு வழியாக 'டேபிள்' வந்து மரச்சாமானின் பெயரைப் பிடித்துக்கொண்டது. அதற்கு மூலமான லத்தீன் 'தாபுலா'வுக்கும் பலகை என்றுதான் பொருள் என்பது ஒரு வேடிக்கை. ஸ்வீடிஷ் மொழியில் மேசைக்கு இன்றும் 'போர்டு' என்றே சொல்கிறார்கள். 'ஸ்மோர்காஸ்போர்டு' என்று ஆங்கிலத்தில் அடிக்கடி வருமே, அதன் பின்பாதி அந்த மேசைதான். ஆங்கிலத்தில் மேசை என்ற நேர்ப்பொருளை 'போர்டு' இழந்துவிட்டது. மேசைமேல் வைத்த சாப்பாடும், மேசையைச் சுற்றி உட்கார்ந்த ஆட்களும் மட்டும் அதனிடம் மிஞ்சினார்கள்.

ஆக, 'ரூம் அண்ட் போர்டு' என்றால் தங்க இடமும் சாப்பாடும். 'போர்டு அண்ட் லாட்ஜிங்' என்பதும் அதுவே. 'போர்டர்' என்றால் பணம் கட்டி ஒரு வீட்டில் தங்கிச் சாப்பிடுகிறவர். இதைக் காதால் கேட்டு எழுதும்போது எல்லையைக் குறிக்கும் 'பார்டர்' என்ற சொல்லோடு குழப்பிக்கொள்வதும் நடக்கும். ஹோட்டல் காட்சிகளில் 'ஹாஃப் போர்டு' என்று வந்தால் அறை வாடகையோடு காலை உணவும் இரவு உணவும் சேர்த்தி. 'ஃபுல் போர்டு' என்றால் மூன்று வேளையும். ஒருமுறை 'அரைப் பலகை' என்ற மொழிபெயர்ப்பை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஊருக்குப் போகும்போது நாயை விட்டுவிட்டுப் போகும் இடம் 'போர்டிங் கென்னல்'. நாய்க்கும் தங்க இடம், சாப்பாடு. 'போர்டிங் ஸ்கூல்' என்பதற்குத் தமிழில் 'உண்டு உறைவிடப் பள்ளி' என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்குப் 'போர்டு' என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்த 'உண்டு'தான் போர்டு.

பழைய காலக் கதை என்றால் இன்னொன்றும் வரும். இங்கிலாந்தில் 1857 வரை மணமுறிவு பெறுவது சாதாரண ஜனங்களால் ஆகிற காரியமில்லை. தேவாலய நீதிமன்றம் தரக்கூடியது கணவன் மனைவி பிரிந்து வாழும் அனுமதி மட்டுமே. இருவரும் மறுமணம் செய்துகொள்ள முடியாது. அதற்கு லத்தீனில் 'எ மென்சா எட் தோரோ', மேசையிலிருந்தும் படுக்கையிலிருந்தும் என்று பெயர். ஆங்கிலத்தில் அது 'ஃப்ரம் பெட் அண்ட் போர்டு' ஆயிற்று. நாம் சொல்கிற 'மேசை' போர்ச்சுகீசியரின் 'மேசா'. அது அந்த லத்தீன் 'மென்சா'வின் வாரிசு. வசனத்தில் வந்தால் 'சேர்ந்து வாழ வேண்டியதில்லை என்று தீர்ப்பாகிவிட்டது' என்று எழுதுங்கள். படுக்கையும் பலகையும் வேண்டாம்.

இனி மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள். கூடிப் பேசி முடிவெடுக்கும் குழுவுக்கு 'போர்டு' என்ற பெயர் 16ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. மரச்சாமானின் பெயர் அதிகாரத்தின் பெயராவது ஐரோப்பிய மொழிகளில் சகஜம். 'பேங்க்' என்ற சொல்லின் மூலம் காசு மாற்றுகிறவர் உட்கார்ந்த பெஞ்சு. பிரிட்டனின் கருவூலத்தைக் குறிக்கும் 'எக்ஸ்செக்கர்', கணக்குப் பார்க்கச் சதுரங்கக் கட்டம் போட்ட துணி விரித்த மேசையிலிருந்து வந்தது. 'ப்யூரோ' என்பது முதலில் எழுதும் மேசைமேல் விரித்த துணி, அப்புறம் மேசை, அப்புறம் அலுவலகம். தமிழுக்கு வந்து துணிமணி வைக்கும் இரும்புப் பீரோ ஆகிவிட்டது. நம் கதைகளிலும் புலவர்களுக்கு இடம்கொடுத்த சங்கப்பலகை உண்டு. அதில் உட்கார இடம் கிடைத்தவரை ஆங்கிலத்தில் 'போர்டு மெம்பர்' என்றால் பெரிய தப்பில்லை!

தமிழில் இதற்கு எந்தச் சொல்லைப் போடுவது என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அரசு ஒரு சட்டத்தின் மூலம் அமைத்தது என்றால் 'வாரியம்' பொருந்தும். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று 10ஆம் நூற்றாண்டிலேயே பொறித்திருக்கிற சொல் அது. பொதுவேலை பார்க்கும் குழுவுக்கு நன்றாக ஒட்டும். கம்பெனி என்றால் 'இயக்குநர் குழு'. கம்பெனிக்கு வாரியம் என்று எழுதினால் ஏதோ அரசு அலுவலக வாசனை அடிக்கும். ஆளை மட்டும் சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. 'த போர்டு வோன்ட் லைக் இட்' என்று ஒரு மேலாளர் முனகினால் 'மேலே ஒத்துக்க மாட்டாங்க' என்பதே போதும்.

அமெரிக்கத் தொடர்களில் மூன்று போர்டுகள் குழி வெட்டி வைத்திருக்கும். 'ஸ்கூல் போர்டு' என்றால் பள்ளியின் பெயர்ப்பலகையும் இல்லை, வகுப்பறைக் கரும்பலகையும் இல்லை. ஒரு வட்டாரத்துப் பொதுப் பள்ளிகளை நடத்தும் குழு, பெரும்பாலும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 'போர்டு சர்டிஃபைடு' டாக்டர் என்றால் தன் சிறப்புத் துறைக்கான தேர்வில் தேறியவர். அங்கே இந்த ஏற்பாட்டைக் கண் மருத்துவர்கள்தான் 1916இல் முதலில் தொடங்கினார்கள். மூன்றாவதுதான் ரொம்பப் பொல்லாதது: 'ட்ராஃப்ட் போர்டு'. இளைஞர்களைக் கட்டாய ராணுவ சேவைக்குக் கூப்பிடும் உள்ளூர்க் குழு அது. அமெரிக்காவில் 1973இல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. அதற்கு முந்தைய காலத்துக் கதையில் 'அவனுக்கு ட்ராஃப்ட் போர்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறது' என்று அம்மாவின் முகம் வெளிறினால், காரணம் இதுதான். பிரிட்டிஷ்காரர் வாயில் இதே ஒலி வந்தால் அது கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஆட்டப்பலகையாக இருக்கலாம். எழுத்து வேறு, ஒலி ஒன்றே. ஸ்கிரிப்ட் கையில் இல்லாமல் காதை மட்டும் நம்பி வேலை செய்கிறவர்கள் இங்கே கட்டாயம் விழுவார்கள். காட்சியைப் பாருங்கள்: கடிதம் வந்ததா, காய் நகர்ந்ததா?

பலகைக் குடும்பத்தை விடுவதற்கு முன் உங்கள் இரண்டாவது வசனம். 'அபவ் போர்டு' சீட்டாட்டத்திலிருந்து வந்தது, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. ஆடுகிறவன் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனால் சீட்டு மாற்றுகிறான் என்று சந்தேகம். மேலேயே வைத்திருந்தால் யோக்கியன். அதனால் 'எவ்ரிதிங் இஸ் அபவ் போர்டு' என்றால் 'ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை' அல்லது 'எல்லாம் நேர்மையாகத்தான் நடக்கிறது'. 'ஸ்வீப் த போர்டு' என்பதும் அதே மேசைதான்: பந்தயப் பணம் முழுவதையும் வாரிக்கொண்டு போவது. பரிசளிப்பு விழாச் செய்தியில் வந்தால் 'விருதுகளை அள்ளியது' என்று எழுதலாம். 'அக்ராஸ் த போர்டு' கேட்க இதே மாதிரி இருந்தாலும் பிறந்த இடம் வேறு. அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் ஒரே குதிரை முதலாவதாக வரும், முதல் இரண்டுக்குள் வரும், முதல் மூன்றுக்குள் வரும் என்று மூன்று விதத்திலும் சமமாகப் பணம் கட்டுவதற்குப் பெயர் அது. அங்கிருந்து 'எல்லாருக்கும் ஒரேமாதிரி' என்ற பொருள் வந்தது. சம்பளம் 'அக்ராஸ் த போர்டு' உயர்ந்தால் கடைநிலை ஊழியரிலிருந்து மேலாளர் வரை எல்லாருக்கும் உயர்ந்திருக்கிறது. 'பேக் டு த டிராயிங் போர்டு' பிறந்த வருடமே தெரியும்: 1941. அந்த வருடம் நியூயார்க்கர் பத்திரிகையில் பீட்டர் ஆர்னோ போட்ட கேலிச்சித்திரம். விமானம் ஒன்று தரையில் மோதிக் கிடக்கிறது, எல்லாரும் அதை நோக்கி ஓடுகிறார்கள், அதை வடிவமைத்தவர் மட்டும் வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிர்த்திசையில் நடக்கிறார். பழைய வரைபலகைக்கே திரும்ப வேண்டியதுதான் என்று அவர் சொல்வதாக அடியில் எழுதியிருந்தது. தமிழில் 'மறுபடியும் அ, ஆவிலிருந்து' என்றால் அந்த அலுப்பும் வந்துவிடும்.

இப்போது கப்பல். 'ஆன் போர்டு', 'ஓவர்போர்டு', 'பை த போர்டு', 'இன்போர்டு', 'அவுட்போர்டு' எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். இங்கே 'போர்டு' என்பது கப்பலின் பக்கச் சுவர் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், ஒவ்வொன்றும் தானாகப் புரியும். சுவரைத் தாண்டி உள்ளே வந்தால் ஏறியாயிற்று. சுவரைத் தாண்டி வெளியே போனால் கடலில் விழுந்தாயிற்று. புயலில் பாய்மரம் முறிந்து அந்தச் சுவரோரமாகச் சரிந்து கடலில் போய்விட்டால் அதுதான் 'வென்ட் பை த போர்டு'. மீட்க முடியாது என்பது அதன் உயிர். 'அவன் திட்டங்கள் தண்ணீரோடு போயின' என்று எழுதிப் பாருங்கள். தமிழ் வழக்கும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது.

கப்பல்காரர்கள் வலப்பக்கத்தை 'ஸ்டார்போர்டு' என்பார்கள். உச்சரிப்பு ஏறக்குறைய 'ஸ்டார்பர்டு'. இதற்கும் நட்சத்திரத்துக்கும் சம்பந்தமே இல்லை. பழைய கப்பல்களில் சுக்கான் துடுப்பு வலப்பக்கம் கட்டியிருக்கும். 'ஸ்டியர்' பண்ணும் பக்கம் என்பதுதான் தேய்ந்து இப்படி ஆயிற்று. இடப்பக்கத்துக்கு 'லார்போர்டு' என்று பெயர் இருந்தது. காற்றும் அலையும் இரைகிற இடத்தில் 'ஸ்டார்போர்டு', 'லார்போர்டு' என்று கத்தினால் எது எது என்று யாருக்குக் கேட்கும்? அதனால் பிரிட்டிஷ் கடற்படை 1844இலும், அமெரிக்கக் கடற்படை 1846இலும் இடப்பக்கத்தை 'போர்ட்' என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டன. துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்' அது. தமிழ் எழுத்தில் இந்தப் 'போர்ட்'டும் நம் 'போர்டு'ம் ஒட்டிப் பிறந்தவை போலத் தெரியும். கடல் காட்சியில் இரண்டையும் தவிர்த்து 'வலப்பக்கம்', 'இடப்பக்கம்' என்று எழுதிவிடுவதுதான் பார்க்கிறவருக்குச் செய்கிற உபகாரம்.

'போர்டு' வினையாக வரும்போதும் பெரும்பாலும் கப்பலே. ஆரம்பத்தில் அதற்குச் சண்டை வாடை இருந்தது: எதிரிக் கப்பலின் பக்கத்தில் அணைந்து, தாவி ஏறித் தாக்குவது. 'போர்டிங் பார்ட்டி' என்று கடற்கொள்ளைப் படத்தில் வந்தால் விருந்து என்று எழுதிவிடாதீர்கள், ஆயுதத்தோடு ஏறுகிற ஆட்கள் அவர்கள். அந்தச் சண்டையெல்லாம் அடங்கி, கையில் ஒரு சீட்டோடு வரிசையில் நின்று விமானத்தில் ஏறுவது 'போர்டிங்' ஆகிவிட்டது. புது ஊழியரைச் சேர்த்து வேலைக்குப் பழக்குவது 'ஆன்போர்டிங்'. யாரோ சொன்ன யோசனையை 'டேக் ஆன் போர்டு' செய்வது என்றால் காதில் வாங்கிக்கொண்டு ஏற்பது. பனிக்கட்டி ஹாக்கியில் எதிராளியைப் பக்கச் சுவரில் மோதித் தள்ளுவது 'போர்டிங்'; அது தப்பாட்டம், வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். பள்ளி, விமானம், ஹாக்கி மூன்றிலும் ஒரே 'போர்டிங்' வருவதைப் பார்த்தால், பட்டியல் ஏன் வேண்டாம் என்றேன் என்பது புரியும்.

விளையாட்டைத் தொட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கூடைப்பந்து வர்ணனையில் 'பத்து போர்ட்ஸ் எடுத்தார்' என்றால், குறி தவறி வளையத்திலோ பலகையிலோ பட்டுத் திரும்பிய பந்தைப் பத்துமுறை பிடித்தார் என்று பொருள். சதுரங்க அணிப் போட்டியில் 'ஃபர்ஸ்ட் போர்டு' என்றால் அணியின் முதன்மை ஆட்டக்காரர் உட்காரும் இடம். கிரிக்கெட்டில் 'ஆன் த போர்டு' என்றால் ரன் சேர்ந்திருக்கிறது. துறைக்குத் துறை இப்படி உண்டு. அந்தந்த ஆட்டம் பார்க்கிறவர் யாரையாவது கேட்டால் ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயம்.

எனக்குப் பிடித்தது 'டேஷ்போர்டு'. குதிரை வண்டி ஓடும்போது குளம்பு வாரி அடிக்கிற சேறு முன்னால் உட்கார்ந்தவர் மேல் தெறிக்கும். அதைத் தடுக்க வண்டியின் முன்பக்கம் ஒரு பலகை அடித்தார்கள். 'டேஷ்' என்பது அந்தத் தெறிப்பு. மோட்டார் வண்டி வந்தபோது குதிரை போயிற்று, சேறு போயிற்று, பலகை இருந்த இடத்தில் வேகமானியும் பிற முட்களும் வந்து உட்கார்ந்தன. இப்போது கம்ப்யூட்டர் திரையில் எண்களும் வரைபடங்களும் ஒரே பக்கத்தில் தெரிந்தால் அதற்கும் அதே பெயர். 'பிரெட்போர்டு' கதையும் இதற்குக் குறைந்ததில்லை. வீட்டில் வானொலி செய்து பார்த்த ஆர்வலர்கள் ரொட்டி வெட்டும் கட்டையையே எடுத்து, அதில் ஆணி அடித்துக் கம்பி சுற்றினார்கள். இன்று மின்னணு மாணவர்கள் பாகங்களைச் செருகிப் பார்க்கும் துளை போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டைக்கு அந்த ரொட்டிப் பலகையின் பெயர். 'கப்போர்டு' என்பது கோப்பைகளை அடுக்கி வைத்த திறந்த பலகை. கதவு பின்னால் வந்து சேர்ந்தது. எழுத்தில் 'கப்', 'போர்டு' இரண்டும் முழுசாக இருந்தாலும் ஆங்கிலேயர் வாயில் 'கபர்டு' என்றுதான் வரும்.

சரி, எல்லா இடத்திலும் 'போர்டு' என்றே எழுதலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். சில இடங்களில் தாராளமாக எழுதலாம். கீபோர்டு, கேரம் போர்டு, போர்டிங் பாஸ் இவையெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சொற்கள்; சப்டைட்டிலில் 'விசைப்பலகை' என்று போட்டால் தவறில்லை, ஆனால் பேசுகிற பாத்திரம் திடீரென்று பாடநூல் ஆகிவிடும். ஆவணப்படம் என்றால் விசைப்பலகையே அழகு. எந்தக் குரலில் ஆள் பேசுகிறான் என்பதுதான் இதைத் தீர்மானிக்க வேண்டும்.

ஆனால் நம் பேச்சிலிருக்கிற 'போர்டு' வேறு, ஆங்கிலத்தின் 'போர்டு' வேறு ஆகிவிட்ட இடங்கள் இருக்கின்றன. அங்கே ஜாக்கிரதை. 'கதவில் போர்டு மாட்டியிருக்கிறது' என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'சைன்' என்பார்கள். 'ஸ்விட்ச் போர்டு' என்றால் நமக்குச் சுவரில் விளக்கு போடும் இடம். ஆங்கில வசனத்தில், அதுவும் கொஞ்சம் பழைய கதை என்றால், அது தொலைபேசி இணைப்பகம். 'கால் த ஸ்விட்ச்போர்டு' என்று ஒருவர் பதறினால் 'ஆபரேட்டரைக் கூப்பிடு' என்று எழுத வேண்டும். 'ஸ்விட்ச் போர்டைக் கூப்பிடு' என்று அப்படியே விட்டால் பார்க்கிறவர் அவருக்குப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்வார். இதுபோன்ற இடங்களில் தமிழ்ச் சொல் கிடைக்காததைவிட, சொல் தெரிந்ததுபோல் இருப்பதுதான் ஆபத்து.

கடைசியாக அந்த நின்றுபோன வசனம். 'ட்ரெட்' என்றால் மிதிப்பது, 'ட்ராட்' அதன் இறந்தகாலம். நாடக மேடையின் தளம் பலகையால் ஆனது, அதனால் பன்மையில் 'த போர்ட்ஸ்' என்றால் மேடை. 'ட்ரெட் த போர்ட்ஸ்' என்றால் நாடகத்தில் நடிப்பது. பின்பாதியில் 'ஒன்' என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டதில்தான் குறும்பு இருக்கிறது: முதலில் பலகைமேல் நின்றார், இப்போது ஒரு பலகையில் உட்கார்ந்திருக்கிறார், அதாவது இயக்குநர் குழுவில். இரண்டு போர்டும் ஒரே சொல் என்பதுதான் சிரிப்பு. 'நாடகங்களில் நடித்தார், பிறகு இயக்குநர் குழுவில் சேர்ந்தார்' என்றால் விஷயம் வரும், சிரிப்பு செத்துவிடும்.

தமிழில் ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் வைக்க எனக்குப் பிடிபடவில்லை. ஓரெழுத்து மட்டும் மாறுகிற 'மேடை', 'மேசை' என்ற ஜோடி கையில் இருக்கிறது, இரண்டும் பலகைதான். 'அன்று மேடையில் ஆடினார். இன்று மேசையில் உட்கார்ந்து ஆட்டிவைக்கிறார்' என்று ஒன்று. 'மேடையும் பார்த்தவர், மேசையும் பார்த்தவர்' என்று இன்னொன்று. வசனத்தைச் சொல்கிறவர் அந்த அம்மாளைப் பிடிக்காதவரா, மதிக்கிறவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிக்காதவர் என்றால் முதலாவதைப் போடுங்கள், அதில் குத்தல் இருக்கிறது. மதிக்கிறவர் என்றால் இரண்டாவது. அது திரையில் ஒரே வரியில் அடங்கியும் விடும்.